வந்த அன்றே வாங்குவதா, விலை இறங்கட்டும் என்று இருப்பதா?

2017 பிப்ரவரி 28 அன்று சோனியின் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு ‘ஹொரைசன் ஜீரோ டான்’ வெளியானது. மூன்று நாள் கழித்து, மார்ச் 3 அன்று, ஸ்விட்ச் கருவியோடு சேர்த்து நிண்டெண்டோ ‘த லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்’ கேமைக் கொண்டுவந்தது. இரண்டுமே பரந்த நிலத்தில் தனியாளாகச் சுற்றித் திரியும் கேம்கள். இரண்டுக்கும் அமெரிக்க விலை ஒன்றுதான்: 60 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. ஹொரைசன் அந்த ஆண்டு முடிவதற்குள் கூடுதல் கதையும் சேர்ந்த முழுத் தொகுப்பாக மறுபடி வந்தது. பிறகு 20 டாலர் வரிசைக்கு இறங்கியது. 2021-இல் சோனி அதைச் சில வாரங்கள் இலவசமாகவே கொடுத்தது. ஸெல்டாவின் பட்டியல் விலையோ அதே 60 டாலரில் நின்றது. எப்போதாவது 30 சதவீதத் தள்ளுபடி எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். 2025-இல் ஸ்விட்ச் 2-க்கான பதிப்பு 70 டாலருக்கு வந்தபோது, எட்டு வயதான கேம் ஒன்று பிறந்தபோது இருந்ததைவிட அதிக விலைக்கு விற்பனைக்கு வந்திருந்தது.

ஒரு கேம் வெளியாகி எத்தனை மாதம் பொறுத்தால் விலை பாதியாகும் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டையும்தான் காட்டத் தோன்றுகிறது. வயது ஏற ஏற விலை தானாக இறங்குவதில்லை. யாரோ ஒருவர் இறக்குகிறார், அல்லது இறக்க மறுக்கிறார். அவர் யார், இறக்குவதில் அவருக்கு என்ன ஆதாயம் என்று பார்த்துவிட்டால், வாங்குவதா பொறுப்பதா என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் இறக்குபவரின் கணக்கு. ஒரே கேமுக்கு ஒருவர் 5,000 ரூபாய் தரத் தயாராக இருப்பார். இன்னொருவர் 2,000 ரூபாய். மூன்றாமவர் 500 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா தரமாட்டார். மூவரிடமும் அவரவர் தரக்கூடிய தொகையை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் விற்பவரின் ஆசை. அதற்கு எளிய வழி காலம். ஆர்வம் தாங்காதவர் முதல் நாளில் முழு விலை கொடுப்பார், அடுத்தவர் ஆண்டு இறுதித் தள்ளுபடியில் வருவார், கடைசி ஆள் மூன்றாம் ஆண்டில் வருவார். பதிவிறக்கமாக விற்கும் கேமில் இன்னொரு பிரதிக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால், கடைசி ஆளின் 500 ரூபாயும் விற்பவருக்கு லாபமே.

இந்தச் சரிவு வெளியீட்டு நாளுக்கு முன்பே தொடங்குவதும் உண்டு. 2023-இல் ‘ஸ்டார்ஃபீல்ட்’ வந்தபோது, 100 டாலர் பதிப்பை வாங்கியவர்கள் செப்டம்பர் 1 அன்றே விளையாடத் தொடங்கினார்கள். 70 டாலர் கொடுத்தவர்கள் செப்டம்பர் 6 வரை காத்திருந்தார்கள். விலை கூடிய பதிப்பில் பின்னால் வரவிருந்த கூடுதல் கதையும் சேர்த்தி என்பது உண்மை. ஆனாலும் அதை வாங்க வைத்தது பெரும்பாலும் அந்த ஐந்து நாள்தான் என்பது என் எண்ணம். சீக்கிரம் கிடைப்பதற்குத் தனியாக ஒரு விலைச்சீட்டு ஒட்டி விற்கும் பழக்கம் இன்று பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்கும் வந்துவிட்டது.

இதன் மறுபக்கத்தைப் பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1972-இலேயே எழுதிவைத்தார். நீடித்து உழைக்கும் பொருளை ஒரே ஒருவர்தான் விற்கிறார் என்றாலும், நாளை விலை இறங்கும் என்பது வாங்குபவர்களுக்குத் தெரிந்திருந்தால், இன்றைய விலையை அவரால் உயரத்தில் பிடித்து வைக்க முடியாது. ஆடித் தள்ளுபடி வருகிறது என்று தெரிந்தவர்கள் ஆனி மாதத்தில் ஜவுளிக்கடைப் பக்கம் போவதில்லை. கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் ஜூன் இறுதியிலும் டிசம்பர் இறுதியிலும் பெரிய விற்பனை வரும் என்பது உலகுக்கே தெரியும். ஆகவே மே மாதத்தில் முழு விலை கொடுக்க அங்கே பலருக்கும் மனம் வருவதில்லை. தள்ளுபடியால் வாடிக்கையாளரைப் பழக்கியவர்கள் அந்தப் பழக்கத்துக்கே கைதியாகிப் போனார்கள்.

நிண்டெண்டோ இதற்குக் கொடுத்த விடை பிடிவாதம். ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ 2017 ஏப்ரலில் 60 டாலருக்கு வந்தது. ஆண்டுகள் பல ஓடியும் பட்டியல் விலை அசையவில்லை. காத்திருந்தாலும் பலனில்லை என்று வாங்குபவருக்குப் புரிந்துவிட்டால், அவர் இன்றே வாங்கிவிடுவார். இந்தப் பிடிவாதத்தில் நிண்டெண்டோவையும் மிஞ்சியது பிராக் நகரில் உள்ள வூபே என்ற சிறு நிறுவனம். அதன் ‘ஃபேக்டோரியோ’வுக்குத் தள்ளுபடி என்பதே கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள், சொன்ன சொல்லையும் காப்பாற்றுகிறார்கள். 20 டாலராக இருந்த விலையை 2018-இல் 30 ஆக்கினார்கள். 2023 ஜனவரியில் பணவீக்கத்தைக் காரணம் காட்டி 35 ஆக்கினார்கள். காத்திருந்தவர்தான் அதிகம் கொடுத்தார். ‘மைன்கிராஃப்ட்’ கதையும் இப்படியே: முற்றுப்பெறாத நிலையில் வாங்கியவர்களுக்கு 10 யூரோவுக்குள் கிடைத்தது, 2011 நவம்பரில் முழுமையாக வெளியானபோது 20 யூரோவை நெருங்கியிருந்தது. முன்கூட்டியே விற்பனைக்கு வரும் சிறு நிறுவனக் கேம்களில் இந்த ஏறுமுகம் அடிக்கடி நடக்கும்.

இப்போது தெரிவுகளுக்கு வருவோம். தனியாளாக விளையாடும் பெரிய கதைக் கேம், கணினியில், ஸ்டீம் போன்ற கடையில் என்றால் என் கட்சி பொறுத்திருப்பதே. விலை ஒரு காரணம்தான். பெரிய காரணம் பொருளின் தரம்.

‘சைபர்பங்க் 2077’-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. பிளேஸ்டேஷன் 4-இல் அது இருந்த நிலையைப் பார்த்து, ஒரு வாரத்திலேயே சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. வாங்கியவர்களுக்குப் பணமும் திருப்பித் தரப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் வரை அது அந்தக் கடைக்குத் திரும்பவில்லை. 2021 முடிவதற்குள் ஸ்டீமில் பாதி விலைக்கு வந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் வந்த 1.5 அப்டேட் அதை நிமிர்த்தியது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் திறன்களை வளர்க்கும் முறை, போலீஸ் துரத்தும் முறை என அடிப்படைகளையே திருத்தி எழுதியது. இந்திய ஸ்டீமில் அதன் முழு விலை 2,999 ரூபாய். முதல் நாளில் அதைக் கொடுத்தவருக்குக் கிடைத்தது அரைவேக்காடு. மூன்று ஆண்டு கழித்து அதில் பாதியைக் கொடுத்தவருக்குக் கிடைத்ததுதான், அதன் ஆக்குநர்கள் ஆரம்பத்தில் வாக்களித்த கேம். மற்றப் பொருள்கள் பழசாகும்போது தேயும். கேம் பழசாகும்போது பெரும்பாலும் தேறுகிறது. விலையும் தரமும் எதிரெதிர்த் திசையில் போகும் இப்படியொரு சந்தை வேறெங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

2023 மார்ச்சில் கணினிக்கு வந்த ‘த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ இன்னொரு சாட்சி. பிளேஸ்டேஷனில் மெருகோடு ஓடிய அதே கேம், கணினியில் முதல் வாரங்களில் திணறியது. அடுத்தடுத்த அப்டேட்களுக்குப் பிறகே சீரானது. புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்க இயலாதவர்களுக்கு இது இரட்டை நஷ்டம். நடுத்தரக் கணினி வைத்திருப்பவர் ஓராண்டு பொறுத்தால், கேமும் சீராக ஓடும், விலையும் இறங்கியிருக்கும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ‘பால்டர்ஸ் கேட் 3’ 2020 அக்டோபரில் முற்றுப்பெறாத நிலையில் 60 டாலருக்கு வந்தது, 2023 ஆகஸ்டில் முழுமையாக வெளியானபோதும் 60 டாலர்தான். அதன் பிறகு தள்ளுபடி 10 சதவீதம், 20 சதவீதம் என்று நத்தை வேகத்தில் நகர்ந்தது. எல்லோரும் கேட்டு வாங்கும் கேமை அவசரமாக விலை குறைக்க யாருக்கும் தேவையில்லை. ஒரு கேம் ஆறே மாதத்தில் 40 அல்லது 50 சதவீதம் இறங்குகிறது என்றால், அது வெளியீட்டு நிறுவனத்தின் வழக்கமாக இருக்கலாம் (யூபிசாஃப்டின் பெரிய கேம்கள் பலவும் இந்த ரகம்), அல்லது எதிர்பார்த்த விற்பனை இல்லை என்று பொருள். விலைச் சரிவு சில சமயம் விமர்சனத்தைவிட நேர்மையாகப் பேசும்.

கேம் முழுமையாக வந்திருக்கிறது என்று நம்பகமானவர்கள் சொல்லி, உங்கள் நண்பர்கள் எல்லோரும் அந்த மாதம் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், முதல் வாரத்தில் வாங்குவதில் தவறொன்றும் இல்லை. யாரும் கண்டுபிடிக்காத மூலையை நீங்களே கண்டுபிடிக்கும் சுகத்துக்கு ஓராண்டு கழித்துத் தள்ளுபடி கிடையாது. முன்பதிவுக்கு மட்டும் நான் எதிரி. பதிவிறக்கப் பிரதி தீர்ந்துபோகும் பொருளில்லை. விமர்சனம் வருவதற்கு முன் பணத்தைக் கட்டுவதில் வாங்குபவருக்கு ஒரு நன்மையும் இல்லை. கொசுறாகத் தரும் உடைக்கும் துப்பாக்கிக்கும் மயங்க வேண்டாம்.

பலர் சேர்ந்து இணையத்தில் விளையாடும் கேம்களுக்கு மேலே சொன்ன ஞானம் எதுவும் பொருந்தாது. அங்கே நீங்கள் வாங்குவது கூட்டத்தை. கூட்டம் கலைந்த பிறகு 90 சதவீதத் தள்ளுபடி கிடைத்து என்ன பயன்? ‘டெஸ்டினி 2’ 2017 செப்டம்பரில் 60 டாலருக்கு வந்தது. 2019 அக்டோபரில் அதன் அடிப்படைப் பகுதி இலவசமானது. ஆகா, பொறுத்தவர் பூமியாண்டார் என்று நினைக்கலாம். ஆனால் வெளியீட்டு நாளில் இருந்த ‘ரெட் வார்’ கதையையே 2020 நவம்பரில் கேமிலிருந்து எடுத்துவிட்டார்கள். பணம் கொடுத்து வாங்கியவர்களும் அதை இனி விளையாட முடியாது. பொறுத்தவருக்கும் கிடைக்காது, வாங்கியவருக்கும் இல்லை.

மற்றபடி இந்த ரகத்தில் வெற்றி பெற்றவை இலவசமாகிவிடும் போக்கு வலுவானது. ‘ராக்கெட் லீக்’ 2015-இல் 20 டாலர், 2020 செப்டம்பரில் இலவசம். ‘பப்ஜி’ கணினியில் 2017-இல் 30 டாலர், 2022 ஜனவரியில் இலவசம். தோற்றவை மறைந்துவிடும்: சோனியின் ‘கான்கார்ட்’ 2024 ஆகஸ்ட் 23 அன்று 40 டாலருக்கு வந்து, செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் திரும்பியது. எனவே இணையக் கேம் என்றால் இரண்டே வழி. நண்பர்கள் கூட்டமாக இறங்கும் முதல் மாதத்தில் நீங்களும் இறங்குங்கள். இல்லையென்றால் இலவசமாகும் வரை மறந்துவிடுங்கள். நடுவில், அரை விலையில், அரைக் கூட்டத்தோடு வாங்குவதுதான் ஆக மோசமான தெரிவு.

கால்பந்து கேம் தனிச் சாதி. ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிது வரும். அதனால் அதன் ஆயுளும் விலையும் முன்கூட்டியே எழுதப்பட்டவை. நவம்பர் இறுதியின் பிளாக் ஃப்ரைடே விற்பனையில் பெரிதாக இறங்கும், வசந்த காலத்தில் இன்னும் இறங்கும், மே மாதம் வந்தால் ஏறக்குறைய சும்மா கிடைக்கும். மிகையாகச் சொல்லவில்லை: ‘ஃபிஃபா 22’ 2022 மே மாதத்திலும், பெயர் மாறிய பிறகு வந்த ‘ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. 24’ 2024 மே மாதத்திலும் சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாதாரர்களுக்கான மாதாந்தரக் கேம்களில் சேர்ந்தன. இதன் காரணம் தெளிவு. வீரர் அட்டைகளைச் சேர்த்து அணி அமைக்கும் அல்டிமேட் டீம் பிரிவில், அந்த அட்டைகளுக்காகச் செலவழிக்கும் பணமே ஈ.ஏ. நிறுவனத்துக்குப் பெரிய வருவாய்; அங்கே நுழைய ஆள் வேண்டும், நுழைவுக் கட்டணம் இரண்டாம் பட்சம். ஆண்டு முழுவதும் இணையத்தில் மோதுபவருக்குச் செப்டம்பர் விலை நியாயமே. வீட்டில் அண்ணன் தம்பி இருவர் ஒரே சோபாவில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள் என்றால், முந்தைய ஆண்டின் கேமே போதும். அணிமாறிய நாலைந்து வீரர்கள் பழைய சட்டையில் இருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பழையதை நினைத்தபோது வாங்கலாம் என்று இருந்துவிடவும் முடியாது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவுடனான ஒப்பந்தம் முடிந்து பெயர் மாறிய 2023 செப்டம்பரில், பழைய ஃபிஃபா கேம்கள் டிஜிட்டல் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன.

இப்படிக் கடையிலிருந்து காணாமல் போவதுதான் காத்திருப்பவர்கள் கணக்கில் கொள்ளத் தவறும் ஆபத்து. கார், பாட்டு, விளையாட்டு அணி என்று வெளியாரிடம் உரிமம் வாங்கிச் செய்த கேம்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. ‘ஃபோர்ஸா ஹொரைசன் 4’ 2024 டிசம்பர் 15-உடன் விற்பனையிலிருந்து போனது. ‘ஆலன் வேக்’ பாட்டு உரிமம் தீர்ந்ததால் 2017 மே மாதத்தில் 90 சதவீதத் தள்ளுபடியோடு விடைபெற்றது, அடுத்த ஆண்டு உரிமம் புதுப்பித்துத் திரும்பி வந்தது. எல்லாமும் திரும்புவதில்லை. நீக்கத் தேதி அறிவிக்கப்பட்ட பிறகு கடைசியாகப் பெருந்தள்ளுபடி ஒன்று வருவது வழக்கம். கார் பந்தயக் கேம் பிரியர்கள் அதற்காகக் காதைத் தீட்டி வைத்திருப்பது நல்லது. ‘த க்ரூ’ என்ற கார் பந்தயக் கேமின் கதை இன்னும் கொடியது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வரை நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்களிடமும் அந்தக் கேம் செத்தது. எந்த விலைக்கு வாங்கியிருந்தாலும் அது வாடகைதான் என்று அன்று பலருக்கும் உறைத்தது.

வாடகை என்றே சொல்லி வாங்குவது சந்தா. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் 2017 ஜூனில் மாதம் 10 டாலருக்குத் தொடங்கியது. 2018 முதல் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கேம்கள் வெளியான நாளிலேயே அதில் கிடைத்தன. அப்போது அது கொள்ளை மலிவு. 2025 அக்டோபரில் அதன் உச்சகட்டத் திட்டம் அமெரிக்காவில் மாதம் 30 டாலரானது. அந்த விலையில் ஆண்டுக்கு 360 டாலர், அதாவது ஏறக்குறைய 70 டாலர் கேம்கள் ஐந்தின் விலை. ஆண்டுக்கு ஐந்து புதிய பெரிய கேம்களை முடிப்பவர் எத்தனை பேர்? மாணவர்கள் முடிப்பார்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் ஒரு மணி நேரம் விளையாடுபவருக்கு இரண்டு முடிந்தாலே பெரிது. அவருக்கு இந்தச் சந்தா வேண்டாம். குறிப்பிட்ட ஒரு கேமுக்காக ஒரு மாதம் மட்டும் கட்டி, முடித்துவிட்டு ரத்து செய்வது வேறு. அதில் எனக்கு முழுச் சம்மதம்.

சோனியின் பாதை வேறு. தன் பெரிய கேம்களை அது முதல் நாளில் சந்தாவில் போடுவதில்லை. ‘ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட்’ வெளியான 2022 பிப்ரவரியிலிருந்து ஓராண்டு கழித்துத்தான் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் எக்ஸ்ட்ரா திட்டத்துக்கு வந்தது. 2022 நவம்பரில் வெளியான ‘காட் ஆஃப் வார் ராக்னராக்’ 2025 ஜனவரியில் வந்தது. ஓராண்டு முதல் இரண்டு ஆண்டு பொறுப்பவருக்கு அந்தச் சந்தா லாபம். ஆனால் சந்தாவில் வருவது போல வெளியேறவும் செய்யும். ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ 2020 மே மாதத்தில் கேம் பாஸில் நுழைந்து செப்டம்பரில் கிளம்பிவிட்டது. அறுபது எழுபது மணி நேரம் ஓடும் கதையை நிதானமாக விளையாடுபவர், பாதி வழியில் குதிரையைக் கட்டிவிட்டு நிற்க வேண்டியதுதான்.

சிறிய கேம்களில் இந்தக் கணக்கெல்லாம் அற்பம். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் ‘வெண்பா’, டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கியது. 2023 ஜூலை 31 அன்று 15 டாலருக்கு வந்தது, அன்றே கேம் பாஸிலும் கிடைத்தது. ஒரு மாலையில் முடிந்துவிடும். அரை விலைக்குக் காத்திருந்தால் மிச்சம் ஏழரை டாலர். பெரிய நிறுவனத்தின் முழு விலைக் கேமில் 50 சதவீதம் என்பது 30 டாலர், 35 டாலர். இரண்டுக்கும் ஒரே பொறுமையைச் செலவழிப்பது வீண். ஸ்டீமில் சிறு நிறுவனங்கள் வெளியீட்டு வாரத்திலேயே 10 சதவீதம் அளவுக்கு அறிமுகத் தள்ளுபடி கொடுப்பதும் வழக்கம். பிடித்த கேம் என்றால் அப்போதே வாங்கிவிடலாம்.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு மேலும் ஒரு வழி இருக்கிறது, அது டிஸ்க். இந்தியாவில் சோனியின் பெரிய பி.எஸ்.5 கேம்கள் பலவும் 4,999 ரூபாய்க்கு வந்தவை. கணினியில் சைபர்பங்க் போன்றவை நம் ரூபாய்க்கு இறக்கிய விலையில் கிடைத்தபோது, பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல் வைத்திருப்பவர்கள் ஏறக்குறைய டாலர் விலையையே கொடுத்தார்கள். அந்த வித்தியாசத்தை டிஸ்க்கால் சரிக்கட்டலாம். 4,999 ரூபாய்க்கு வாங்கி, ஒரே மாதத்தில் முடித்து, 3,500 ரூபாய்க்குக் கைமாற்றிவிட்டால் கேமுக்கு ஆன செலவு 1,499 ரூபாய். டிஜிட்டல் பிரதி அந்த விலைக்கு இறங்க எவ்வளவு காலம் ஆகும் என்று யோசியுங்கள். ஆனால் இதில் அவசரம் முக்கியம். கடைகளில் முதல் பெரிய தள்ளுபடி வந்த மறுநாளே பழைய டிஸ்க்கின் விலை விழுந்துவிடும். மூன்று மாதம் அலமாரியில் வைத்திருந்து விற்பவருக்கு இந்த வித்தை பலிக்காது. டிஸ்க் டிரைவ் இல்லாத பி.எஸ்.5-ஐ விலை குறைவு என்று வாங்கியவர்கள் இந்தக் கதவைத் தாங்களே பூட்டிக்கொண்டவர்கள். கருவியில் மிச்சம் பிடித்த தொகை ஐந்தாறு கேம்களில் போய்விடும்.

ஸ்விட்ச் கேம்களில் இதே தந்திரம் நிதானமாகவும் வேலை செய்யும். புதியதன் விலை இறங்காததால் பழைய கார்ட்ரிட்ஜின் மதிப்பும் இறங்குவதில்லை. ஓராண்டு விளையாடிவிட்டு விற்றாலும் பெரும்பகுதி கைக்கு வரும். நிண்டெண்டோவின் பிடிவாதத்தில் வாங்குபவருக்கு இருக்கும் ஒரே நன்மை இது.

கடைகளின் சில விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். 2015 ஜூன் முதல் உள்ள வசதி இது. உங்கள் கணினியில் ஓடுமா என்ற சந்தேகத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. அடிப்படை விலையை ஏற்றிய கேமுக்கு அடுத்த 30 நாள் தள்ளுபடி போட முடியாது என்பதும் ஸ்டீம் விதி. விற்பனைக்கு முந்தைய வாரம் விலையை ஏற்றிவிட்டுப் பாதி விலை என்று கூவ முடியாமல் அது தடுக்கிறது. ஆனால் இரண்டு மாதம் முன்பே ஏற்றிவைப்பதை எந்த விதியும் தடுக்காது. ஆகவே தள்ளுபடிச் சதவீதத்தை நம்பாதீர்கள். ஸ்டீம்டிபி போன்ற தளங்களில் அந்தக் கேமின் ரூபாய் விலை வரலாறும், இதுவரை தொட்ட ஆகக் குறைந்த விலையும் கிடைக்கும். அந்த ஓர் எண்ணைப் பார்த்தால் போதும். ஒருமுறை 60 சதவீதத் தள்ளுபடி வரை வந்த கேம் அடுத்த பெரிய விற்பனையிலும் பெரும்பாலும் அங்கேயே வந்து நிற்கும். இன்று 40 சதவீதம் என்று காட்டினால் மூடிவிட்டுப் போகலாம்.

விலை ஏறவே ஏறாது என்ற நினைப்பும் வேண்டாம். முதலில் சொன்ன ஹொரைசனையே பாருங்கள்: 2024-இல் புதுப்பித்த பதிப்பு வரவிருந்த நேரத்தில், பிளேஸ்டேஷன் கடையில் பழைய தொகுப்பின் விலை 20 டாலரிலிருந்து 40 டாலரானது. பழையதை மலிவாக வாங்கி, 10 டாலர் கட்டிப் புதியதற்கு மாறிவிடும் குறுக்குவழியை அப்படி அடைத்தார்கள். 2023 நவம்பரில் ஸ்டீம் துருக்கியிலும் அர்ஜென்டினாவிலும் உள்நாட்டு நாணய விலையை நிறுத்தி டாலருக்கு மாறியபோது, அந்த நாட்டு மக்களுக்குப் பல கேம்களின் விலை ஒரே இரவில் பல மடங்கானது. எதிர்த்திசையிலும் நடக்கும்: ‘த அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2’-க்கு 80 டாலர் என்று அறிவித்த மைக்ரோசாஃப்ட், எதிர்ப்பு கிளம்பியதும் 2025 ஜூலையில் 70-க்கு இறங்கி வந்தது. அந்த 80 டாலரை நிண்டெண்டோ ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’-க்கு வைத்தது, இறங்கவில்லை.

இத்தனையும் படித்தவர்கள் அடுத்துக் கேட்கப்போவது ‘ஜி.டி.ஏ. 6’ பற்றித்தான். இப்போதைய அறிவிப்பின்படி அது 2026 நவம்பர் 19 அன்று பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் வருகிறது. கணினிக்கு அறிவிப்பு இல்லை. முந்தைய ‘ஜி.டி.ஏ. 5’ 2013 செப்டம்பரில் வந்தது. கணினிக்கு வர 2015 ஏப்ரல் ஆயிற்று. ஸ்டீமுக்குப் போட்டியான எபிக் கடை அதை ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தது 2020 மே மாதத்தில். இவற்றை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் விலையை அவசரமாக இறக்கும் சாதியில்லை. அதன் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’-க்கும் ஸ்டீமில் 75 சதவீதத் தள்ளுபடி வந்தது பல ஆண்டு கழித்துத்தான். பி.எஸ்.5 ஏற்கெனவே வீட்டில் இருந்து, டிஸ்க்கும் கிடைக்குமானால், முதல் வாரத்திலேயே வாங்கி, முடித்து, விற்றுவிடலாம். அந்த மாதத்தில் அதற்கு ஆள் தேட வேண்டியிருக்காது. கணினி மட்டும் வைத்திருப்பவர், இதற்காக ஒரு கன்சோல் வாங்கக் கடன் அட்டையை எடுப்பதற்கு முன், ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’-ஐ அடுத்த விற்பனையில் வாங்கிக்கொள்ளட்டும். அதை முடிக்கவே ஓரிரு மாதம் ஆகும்.